அங்கமுத்துவின் கைநாட்டு

எங்கள் குடும்பத்தில் பெண் பிள்ளைக்கு எந்தப் பெயரும் வைப்போம். நல்லம்மாள் என்று மட்டும் வைக்கமாட்டோம். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஒரு வசவு. யாராவது அடுத்தவர் தட்டிலிருந்து வடையை எடுத்தால் போதும், "என்ன, நல்லம்மாள் வேலை பாக்குறியா?" என்பார் அப்பா. அந்த அம்மாளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பார்க்காமலே வைது வளர்ந்தோம்.

கதை இதுதான். என் கொள்ளுத் தாத்தா வேலாயுதம் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து, கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகும் சாலையோரம் காட்டை வெட்டி நிலம் திருத்தினார். தென்னை வைத்தார், வெற்றிலைக்கொடி போட்டார். அவர் கண்ணை மூடிய பிறகு அவருடைய தம்பி பெண்டாட்டி நல்லம்மாள், என் தாத்தா இராமலிங்கத்தை ஒரு கருமாதி வீட்டில் மடக்கி நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு விற்றும் விட்டாள். இதைச் சொல்லிச் சொல்லி ஆரம்பித்து வைத்தவர் வேலாயுதத்தின் மனைவி மாரியாயி. அவர் சொல்லி அப்பா கேட்டார், அப்பா சொல்லி நான் கேட்டேன். சோற்றோடு பிசைந்து ஊட்டிய கோபம் அது.

இன்றைக்கு அந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். டயர் கடை, மருந்துக் கடை, மாடியில் டியூஷன் சென்டர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எனக்கு முன்கோபம் வேறு. ஒரு நாள் பொறுக்க முடியாமல், அந்தக் கிழவி எப்படி ஏமாற்றினாள் என்று காகிதத்தோடு பிடித்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணே, சும்மா தெரிஞ்சுக்கத் தேடுறீங்களா, சண்டைக்குத் தேடுறீங்களா?"

"சண்டைக்குத்தான் லா," என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நல்ல பிள்ளை, பல நாள் என்னை அலையவிட்டாலும் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள்.

முதலில் வந்தது நிலக் குத்தகைப் பத்திரத்தின் நகல். 1909-ஆம் ஆண்டு. குத்தகைதாரர் பெயர் வேலாயுதம், தகப்பன் பெயர் கருப்பன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியே ரயிலேறி கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தனலெட்சுமி அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை என் அப்பாவுக்கு அக்கா, இராமலிங்கம் தாத்தாவின் மூத்த மகள். அவளுக்கு அப்போது எழுபத்தைந்து வயது தாண்டியிருந்தது. நாக்கு மட்டும் இளமையாகவே இருந்தது.

"பாத்தீங்களா அத்தே! கொள்ளுத் தாத்தா பேரு! கல்லு மாதிரி இருக்கு!"

"என்ன வருஷம்?"

"தொள்ளாயிரத்து ஒம்பது."

"மடையா," என்றாள் அத்தை. "எங்க தாத்தா இந்த ஊருக்குக் கப்பல்ல வந்து எறங்குனதே பதிமூணுலதான். பாட்டியையும், ஆறு வயசு எங்கப்பாவையும் கூட்டிக்கிட்டு. ஒம்பதுல அவரு ஊர்ல கடலை வெதச்சுக்கிட்டிருந்தாரு."

நான் காகிதத்தை மறுபடி பார்த்தேன். அடியில் ஒரு கைநாட்டு. பக்கத்தில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில், 'தன் அண்ணனுக்காக, அங்கமுத்து' என்று இருந்தது. அங்கமுத்து என்பவர் நல்லம்மாளின் புருஷன். எங்கள் கதைகளில் அவருக்கு வேலையே கிடையாது. பெண்டாட்டி சொன்னபடி ஆடிய ஒரு வாயில்லாப்பூச்சி, அவ்வளவுதான்.

அத்தை காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். பிறகு, "உக்காரு," என்றாள். "எங்கம்மா உசிரோட இருந்தவரைக்கும் வாயைத் தொறக்காதன்னாங்க. அப்புறம் உங்கப்பன் கேக்கவே மாட்டேன்னுட்டான். நீ பேப்பரோட வந்திருக்க. இனி நான் யாருக்குப் பயப்படணும்?"

அத்தை சொன்னதும், பிறகு நான் தேடி எடுத்த காகிதங்கள் சொன்னதும் சேர்ந்ததுதான் அங்கமுத்துவின் கதை.

அவர் மலாயாவுக்கு வந்தது 1904-இல். கங்காணியோடு வந்து கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்துவிட்டு, பிறகு ரோட்டு வேலைக்குப் போனார். கல் உடைப்பது, சரளை கொட்டுவது. மேரு சாலை அந்தக் கும்பலின் கையால் போட்டது. போட்ட சாலையின் ஓரத்திலேயே ஒரு துண்டு நிலத்தின் மேல் கண் விழுந்தது. அரசாங்கம் குத்தகைக்கு எழுதிக்கொடுக்கிறது என்று கேள்விப்பட்டதும், ஒரே வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போய் நில அலுவலகத்தில் நின்றார். அங்கே நடந்ததை அவரே பின்னாளில் அத்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொல்வாராம்.

"பேரு என்னா?" என்று கேட்டாராம் அங்கே எழுதிக்கொண்டிருந்த கிராணி.

"வேலாயுதம்னு எழுதுங்க."

"உன் பேரா?"

"இல்லீங்க, எங்க அண்ணன்."

"அவரு எங்க?"

"ஊர்ல."

கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காட்டை வெட்டப் போகிறவன் நீ, வரி கட்டப் போகிறவன் நீ, நிலம் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் பெயரிலா என்று கேட்டார். அங்கமுத்துவுக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. "மூத்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில எளையவன் பேர்ல நெலம் எழுதுனா ஊர்ல காறித் துப்ப மாட்டாங்களா சார்?" என்றாராம். அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம். சொல்லும்போது அவரும் சிரிப்பார். தான் செய்தது தப்பு என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.

பாராங்கத்தியும் மண்வெட்டியுமாக அந்த நிலத்தைத் திருத்தியவர் அவர். ரோட்டு வேலையில் கல் சுமந்த நல்லம்மாளைக் கட்டிக்கொண்டது அதற்குப் பிறகு. அவரும் அவளுமாகத்தான் வாய்க்கால் வெட்டினார்கள். வெற்றிலைக்கொடி ஏறி, கிள்ளான் பாசார் சந்தைக்குக் கவுளி கவுளியாகப் போக ஆரம்பித்த பிறகு, அண்ணனுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: நிலம் தயார், வா.

வேலாயுதம் வந்து இறங்கினார். தன் பெயரில் நிலம், தென்னங்கன்று, கூரை வீடு, கட்டிலில் புதுப்பாய். மனிதர் திகைத்துப் போனாராம். முதல் நாள் சோற்றில் கைவைக்காமலே உட்கார்ந்திருந்தாராம். வேலாயுதம் கெட்டவர் இல்லை, இதை நான் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து சாகும்வரை அவருக்கு அந்த நிலத்தில் கால் கூசியது. தம்பி வியர்வையில் தான் முதலாளியாக நடக்கிறோம் என்ற குறுகுறுப்பு. ஊர்க்காரர்கள் "வேலாயுதம் தோட்டம்" என்று சொல்லும்போதெல்லாம், "எங்க தம்பி தோட்டம்ங்க," என்று திருத்துவார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்திரத்தில் இருக்கும் பெயர்தானே பெயர்?

பல தடவை, "வா, கிள்ளானுக்குப் போய் உன் பேருக்கு மாத்திடலாம்," என்று கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அங்கமுத்துவுக்கு முகம் செத்துவிடும்.

"ஏன் அண்ணே, என்னைத் தனியா வெட்டி விடப் பாக்குறியா? நான் என்ன கொற வச்சேன்?"

ஒரு முறை இந்தப் பேச்சு எடுத்ததற்கு இரண்டு வேளை சாப்பிடாமல் கொடிக்காலிலேயே கிடந்தாராம். அண்ணன் தம்பி பெயர் தனித்தனியாகப் பத்திரத்தில் ஏறிவிட்டால் அடுத்தது அடுப்பு தனி, பிறகு வாசல் தனி என்பது அவருடைய பயம். மாரியாயிக்கு இது வசதியாகப் போயிற்று. "அவருக்கே இஷ்டமில்ல, நீங்க ஏன் கெடந்து குதிக்கிறீங்க?" என்று புருஷனை அடக்கிவிடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின. அங்கமுத்து நல்லம்மாள் தம்பதிக்குக் குழந்தை இல்லை. இராமலிங்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அங்கமுத்துதான். என் தாத்தா படித்து, ரயில்வேயில் கிராணி வேலைக்குச் சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனார்.

அடுத்த காகிதம் கோலாலம்பூர் நீதிமன்றத்துப் பழைய கட்டிலிருந்து வந்தது. வேலாயுதம் 1931-இல் எழுதி வைத்த உயில். அதை நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தேன். 'மேரு சாலை நிலம் முழுவதும் என் தம்பி அங்கமுத்துவுக்கு. மாடு, நகை, மற்றுமுள்ள யாவும் என் மகன் இராமலிங்கத்துக்கு.' இவ்வளவுதான் உயில். நிலத்தைக் கொடுத்தே விட்டிருக்கிறார் மனிதர்! அப்படியானால் நல்லம்மாள் எதை ஏமாற்றி வாங்க வேண்டும்?

அத்தையிடம் ஓடினேன்.

"எழுதுனாரு. எழுதுறதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சுத்தான் எழுதுனாரு," என்றாள் அத்தை. வேலாயுதம் தம்பியை உட்காரவைத்துச் சொன்னாராம்: "நான் இருக்கறவரைக்கும் நெலம் என் பேர்லயே இருக்கட்டும். நீ சொன்ன மாதிரியே. நான் செத்த பொறவு பிரியறதுக்கு யாருடா இருக்கா? அப்ப உன் பேருக்கு வரட்டும்."  அங்கமுத்து அழுதுகொண்டே சரி என்றார்.

இருவரும் கிள்ளானில் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் போனார்கள். அவரும் நம் ஊர்ப்பக்கத்து ஆள்தான். எழுதி முடித்ததும், சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார். பக்கத்துச் சாமான் கடைக்காரர் ஒருவர். இன்னொருவர் யார் என்றதும் வேலாயுதம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"பங்காளி கை படாத பத்திரம் ஒரு பத்திரமா? நாளைக்கு எவனாவது இது அண்ணன் தம்பிக்குத் தெரியாம எழுதுனதுன்னு சொல்லுவான். வையிடா தம்பி கைநாட்டு."

நம் ஆட்கள் வழக்கம் அதுதான். சொத்து விஷயமாக ஒருவர் பத்திரம் எழுதினால் அதில் பங்காளி சாட்சி போடவேண்டும், அப்போதுதான் அவருக்கும் சம்மதம் என்று அர்த்தம். பங்காளியைக் கூப்பிடாமல் வெளியாளை வைத்து எழுதினால் அது திருட்டுப் பத்திரம். வேலாயுதம் தம்பிக்குச் செய்யக்கூடிய மரியாதையெல்லாம் சேர்த்து அந்தக் காகிதத்தில் செய்தார். அங்கமுத்து கட்டைவிரலை மையில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்திருப்பார் போலிருக்கிறது. நகலிலேகூட ஒவ்வொரு ரேகையும் தெரிகிறது.

வேலாயுதம் 1934-இல் இறந்தார். உயில் கோலாலம்பூர் நீதிமன்றத்துக்குப் போனது. வெள்ளைக்காரன் சட்டம் நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். உயிலில் யாருக்குச் சொத்து எழுதியிருக்கிறதோ, அவரே அதற்குச் சாட்சியாக இருக்கக் கூடாது. இருந்தால் உயில் செல்லும், அவருக்கு எழுதியது மட்டும் செல்லாது. அங்கமுத்துவுக்கு எழுதிய நிலம் செல்லாமல் போய், 'மற்றுமுள்ள யாவும்' என்ற வரியில் விழுந்தது. அதாவது என் தாத்தா இராமலிங்கத்தின் மடியில் விழுந்தது.

இனிமேல் சொல்வதைத் தாத்தா தன் வாயாலேயே பின்னால் அத்தை கேட்கச் சொன்னார். எனக்கு ஒளித்துவைத்துக் கதை சொல்லத் தெரியாது, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வக்கீல் இங்கிலீஷ்காரர். அலுவலகத்து வாசலில், ஐந்தடி நடைபாதையில் நின்று இராமலிங்கத்திடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, உன் சித்தப்பா சாட்சி போட்டதால் நிலம் அவருக்கு வராது. இரண்டு, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நிலம் இப்போது உன்னுடையது, உன் தகப்பனார் ஆசைப்படி நீ எந்த நாள் வேண்டுமானாலும் அவருக்கு எழுதிக் கொடுக்கலாம், ஒரு கையெழுத்து போதும். சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அங்கமுத்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார்.

"தொர என்னப்பா சொல்றாரு?"

"நீங்க கைநாட்டு வச்சீங்கல்ல சித்தப்பா, அதனால எழுத்து செல்லாமப் போச்சாம்," என்றார் இராமலிங்கம்.

அவ்வளவுதான் சொன்னார். இரண்டாவதைச் சொல்லவில்லை.

அங்கமுத்து தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். நிலம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அண்ணன் ஆசை ஆசையா எழுதுனத நானே தொட்டுக் கெடுத்துட்டேனா?" என்று மட்டும் கேட்டார். என் தாத்தா கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏன் சொல்லவில்லை? நான் நூறு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். பேராசை என்று ஒரே வார்த்தையில் வைதுவிடலாம். ஆனால் தாத்தா அப்படி நினைக்கவில்லை. அடுத்த மாதம் எழுதிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். பிறகு அதற்கடுத்த மாதம். சித்தப்பாவுக்குப் பிள்ளையா குட்டியா, கடைசியில் நமக்குத்தானே வரப்போகிறது, எதற்கு இரண்டு முறை எழுதி இரண்டு முறை மாற்றுவது என்று நினைத்தார். அம்மா மாரியாயி வேறு, சும்மா இருந்தாலே போதும் என்று காதைக் கடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவை யார் வெளியே போகச் சொன்னது, அவர் பாட்டுக்கு இருக்கட்டுமே! இப்படியெல்லாம் ஒரு மனிதன் தன்னைத்தானே தட்டித் தூங்கவைக்க முடியும். எனக்கும் இந்த வித்தை தெரியும், அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது.

அங்கமுத்து அங்கே இருக்கவில்லை. அண்ணன் எழுத்தைக் கெடுத்தவன் அண்ணன் மண்ணில் எப்படி இருப்பது என்று சொல்லி, நல்லம்மாளையும் இரண்டு பசுக்களையும் ஓட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டார். ரயில் பாதைக்குப் பின்னால் அரசாங்க நிலத்தில் ஒரு கொட்டகை. அதற்கான தற்காலிக லைசன்ஸ் காகிதமும் எனக்குக் கிடைத்தது. நல்லம்மாள் பெயரில் இருந்தது. பார்த்ததும் பழைய புத்தி தலைதூக்கியது.

"பாருங்க அத்தே, புருஷன் உசிரோட இருக்கும்போதே எல்லாம் தன் பேர்ல!"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவரு அதுக்கப்புறம் எந்தக் காகிதத்துலயும் கை வைக்கல. வச்சா அது வெளங்காதுன்னுட்டாரு. அவங்க என்ன செய்வாங்க?"

கட்டைவிரலைச் சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய்ப்பாராம். கேட்டால் சாணிக் கறை என்பாராம். அத்தை சின்னப் பிள்ளையாக மாட்டுக் கொட்டகைக்கு ஓடும்போதெல்லாம் முன்பு அவர்தான் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். இப்போது, "நீ பூசு நல்லம்மா, என் கை வேணாம்," என்று விலகிக்கொள்வார். அத்தைக்கு அது ஏன் என்று விளங்கவில்லை. அங்கமுத்துவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்து அழுதிருக்கிறாள்.

தினமும் காலையில் அண்ணன் மகன் வீட்டுக்கு அவரே பால் கொண்டுவருவார். காசு வாங்கமாட்டார். உள்ளே வரமாட்டார். படியிலேயே நின்று, "இராமலிங்கம் எந்திரிச்சாச்சா?" என்று கேட்பார். அந்தக் குரல் கேட்டதும் என் தாத்தா துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவார். "சித்தப்பா போயாச்சா?" என்று உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். அந்தப் பாலில்தான் அவருக்குக் காபி. அந்தக் காபியை அவர் ஒரு நாளும் முழுதாகக் குடித்துத் தான் பார்த்ததில்லை என்றாள் அத்தை. கீழே கொட்டவும் மாட்டார், குடிக்கவும் மாட்டார், ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

1937-இல் அங்கமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கொட்டகையிலேயே கிடந்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கைநாட்டு கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இராமலிங்கம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். கயிற்றுக் கட்டிலில் கிடந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருத்தப்படாதடா. நான் போயி உங்கப்பாகிட்ட சொல்லிக்கறேன். தெரியாம வச்சுட்டேன் அண்ணே, மன்னிச்சிருன்னு கால்ல விழுந்து கேட்டுக்கறேன். அண்ணன் என்னை ஒண்ணும் சொல்லாது."

இராமலிங்கத்தின் வாய் திறந்தது. அதை அத்தை கண்ணால் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். உங்க கை ஒண்ணும் கெடுக்கல சித்தப்பா, நான்தான். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனால் வந்தது வேறு.

"பேசாதீங்க சித்தப்பா. தூங்குங்க."

பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வழியில் மகள் என்னென்னவோ கேட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். அந்த வாரத்திலேயே அங்கமுத்து போய்விட்டார். கொள்ளி வைத்தது என் தாத்தாதான். அவருக்கு வேறு யார்?

கருமாதியன்று சடங்கெல்லாம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, இராமலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நல்லம்மாள் முன்னால் வைத்தார். நிலத்தை அவள் பெயருக்கு மாற்றும் பத்திரம். எல்லாம் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். வைத்துவிட்டு, ஐந்தடி நடைபாதையில் நடந்ததை முழுசாகச் சொன்னார். வக்கீல் சொன்ன முதலாவதையும் சொன்னார், இரண்டாவதையும் சொன்னார். மாரியாயி மகன் வாயைப் பொத்தப் பார்த்தார். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டுச் சொல்லி முடித்தார். அத்தை அப்போது நல்லம்மாளின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நல்லம்மாள் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று எல்லாரும் பயந்தார்கள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது சின்னம்மா."

"கடைசியா வந்து பாத்தியே, அப்பயும் சொல்லலியா?"

இராமலிங்கம் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப இன்னைக்கு இதக் குடுத்துட்டு நீ நிம்மதியாத் தூங்கப் போற," என்றாள் நல்லம்மாள். "மூணு வருஷமா அந்த மனுசன் தூங்கலியேடா. அத நான் யாருகிட்டப் போய் வாங்குவேன்?"

என் தாத்தா அழுதார். எழுத்தறிவில்லாத ஒரு பெண்ணின் முன்னால், ரயில்வே கிராணி, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் அவரைத் தேற்றவும் இல்லை, வையவும் இல்லை. வேண்டாம் என்று நிலத்தைத் தள்ளிவிடவும் இல்லை. அதுதான் எங்கள் வீட்டாரால் பொறுக்க முடியாமல் போனது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவளைத் தெய்வமாக்கியிருப்போம், நிலமும் நம்மிடமே இருந்திருக்கும்.

"படிச்சுக் காட்டு," என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். நிலம் எங்கே இருக்கிறது, யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார். பிறகு, எதை முன்னிட்டு மாற்றப்படுகிறது என்ற இடம் வந்தது. விலை வாங்காமல் சொந்தத்துக்குள் கொடுக்கும்போது அந்த இடத்தில் வழக்கமாக எழுதுவதையே அவரும் எழுதியிருந்தார்: இயல்பான அன்பின் பேரில்.

"அன்பாம்ல, அன்பு," என்றாள் நல்லம்மாள். "அத அடி."

"சின்னம்மா, இது சும்மா வழக்கமா எழுதறதுதான்..."

"அடிடா. எழுது: இது அவ புருசன் நெலம்."

நான் கடைசியாக எடுத்த காகிதம் அதுதான். கவுண்டர் பெண் நகலை நீட்டும்போது, "என்ன அண்ணே, இங்க அடிச்சுத் திருத்தியிருக்கு?" என்று கேட்டாள். தாத்தாவின் அழகான இங்கிலீஷ் கையெழுத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல், அவளுடைய கணவரின் நிலமாக இருப்பதால், என்று எழுதி, ஓரத்தில் தன் முதலெழுத்துகளைப் போட்டிருந்தார். கீழே நல்லம்மாளின் கைநாட்டு.

மாரியாயி ஊரெல்லாம் போய், கருமாதி வீட்டில் மகனை மடக்கி எழுதி வாங்கிவிட்டாள் என்று சொன்னார். நல்லம்மாள் நிலத்தை விற்றதும் அந்தப் பேச்சு பெரிதாகிப் போனது. என் தாத்தா அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் உயிரோடு இருந்தார். பேரப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து நல்லம்மாள் பெயரை வசவாகச் சொல்லிச் சிரிப்பதை அவர் தினமும் கேட்டார். கையில் உருட்டிய சோற்றோடு, ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.